அத்தை முழங்கையில் ஒரு புள்ளி

போன செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்த அத்தையின் முழங்கையில் ஒரு மச்சம் தெரிந்தது. முந்தின நாள் வரை அது அங்கே இல்லை. எழுபது வயதுக்கு மேல் புது மச்சம் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம். பக்கத்தில் போய் நகத்தால் தொட்டுப் பார்த்தேன். உரிந்து என் விரலுக்கு வந்துவிட்டது.

சீரகத்தின் புள்ளி. அதாவது, முந்தின ராத்திரி நான் வெட்டிய 'சீரகம்' ஸ்டிக்கரில் கடைசி எழுத்தின் தலையில் இருந்திருக்க வேண்டியது. அலமாரியில் போய்ப் பார்த்தால் டப்பா 'சீரகம' என்று நின்றுகொண்டிருந்தது.

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் இந்தக் கதைதான். தலையணை உறையில் புள்ளி, பையனின் ஸ்கூல் சாக்ஸில் புள்ளி, ஒருநாள் இட்லித் துணியில்கூட. வீட்டிலேயே வினைல் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினை வாங்கியதிலிருந்து நான் தமிழ் எழுதுவதில் பாதி நேரம் புள்ளி பொறுக்குவதில்தான் போகிறது.

வாங்கியதற்குக் காரணம் உப்பு. அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்த சமயம், மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர் வந்திருந்தார். அத்தை காபியில் சர்க்கரைக்குப் பதிலாகத் தூள் உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் முழு டம்ளரையும் குடித்து முடித்தார் என்பதுதான் கொடுமை. அப்புறம் மாமா குடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தப்பு அத்தை மேல் இல்லை. எங்கள் சமையலறையில் 22 எவர்சில்வர் டப்பாக்கள் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி வரிசையாக இருக்கும்.

லேபிள் வாங்கலாம் என்று தேடினால் கிடைத்தவை எல்லாம் ஆங்கிலம், அதுவும் கொடி மாதிரி சுருண்ட எழுத்து. அத்தைக்கு ஆங்கிலம் வராது. தமிழ் என்றால் பேப்பரில் தலைப்புச் செய்தியில் தொடங்கிக் கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரை ஒன்று விடமாட்டார். சரி, தமிழிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் திண்டுக்கல்லில் நம்பர் பிளேட் ஒட்டித்தரும் ரேடியம் கடைக்குப் போனேன்.

(ஊரில் எல்லோரும் ரேடியம் கடை என்கிறோம். அதில் ரேடியமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வண்டி வெளிச்சம் பட்டால் பளிச்சென்று திருப்பி அடிக்கும் ஷீட்டில் இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள். அந்த ஷீட்டுக்கு வந்த பெயர், மின்னாத ஸ்டிக்கருக்கும் ஒட்டிக்கொண்டது.)

கடை அண்ணன் என் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அக்கா, அரை இஞ்சு எழுத்துன்னா வெட்டுறது பிரச்சினையில்ல. உரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும். அதுவும் தமிழ்ல." அந்த 'அதுவும் தமிழ்ல' அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பத்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். டப்பா ஒன்றுக்கு அவர் சொன்ன 40 ரூபாயை 22-ஆல் பெருக்கினால் 880. அதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். நான் 24,500 ரூபாய்க்கு மெஷின் வாங்கினேன். இந்தக் கணக்கை வீட்டில் யாரும் இதுவரை என் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டவில்லை.

இந்த மாதிரி வீட்டு மெஷின்களில் பெரிய பெயர்கள் இரண்டு. கிரிகட், சில்லவுட். இரண்டுமே அமெரிக்காவில் யூட்டா மாநிலத்திலிருந்து வருகின்றன. கிரிகட் நிறுவனம் 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. காசு கொடுத்து வாங்கிய கத்திரிக்கோலுக்கு மாதக் கட்டணமா என்று எனக்கும் தோன்றியது. நான் எதை வாங்கினேன் என்பது இங்கே வேண்டாம். அதைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

மெஷின் பார்க்கப் பெரிய பிரிண்டர் மாதிரி இருக்கும். மைக்குப் பதில் பிளேடு, அவ்வளவுதான். பசை தடவிய 12 இஞ்சு பிளாஸ்டிக் பாயில் ஷீட்டை ஒட்டி உள்ளே தள்ளினால், உருளை ஷீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும், பிளேடு இடமும் வலமும் ஓடும். சாமர்த்தியம் ஆழத்தில்தான் இருக்கிறது. வினைல் வெட்டுப்பட வேண்டும், அடியில் இருக்கும் காகிதம் வெட்டுப்படக் கூடாது. வெளியில் ஒட்டுவதற்கு எல்லோரும் சொல்லும் ஒராகல் 651 ஷீட்டின் கனம் 63 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அந்த அளவுக்கு இறங்கி நிற்க வேண்டும். முதல் நாள் என் பிளேடு வினைலையும் காகிதத்தையும் தாண்டிப் பாயையும் கீறிவிட்டது. இப்போதும் அந்தப் பாயில் 'கடுகு' என்று தடவிப் பார்த்துப் படிக்கலாம்.

ஒவ்வொரு புது ரோலுக்கும் ஓரத்தில் ஒரு சின்ன சதுரம் வெட்டி உரித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்ட நாளெல்லாம் ஷீட் வீணான நாள்தான்.

கடுகைச் சொன்னேன் இல்லையா, அதுதான் என்னை ஏமாற்றியது. முதலில் வெட்டியது கடுகு, அப்புறம் மிளகு, அப்புறம் அரிசி. மூன்றும் அருமையாக வந்தன. இவ்வளவு சுலபமா என்று அண்ணன் மேல் கொஞ்சம் இளக்காரம்கூட வந்தது. நாலாவது மிளகாய்த்தூள். மூன்று புள்ளி. மூன்றும் காணோம். அப்போதுதான் உறைத்தது, கடுகு, மிளகு, அரிசி மூன்றிலும் ஒற்றெழுத்தே கிடையாது என்று.

வெட்டிய பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரித்து எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு வீடிங் என்றே பெயர், நம் களையெடுப்புதான். நான் சின்ன வயதில் வெங்காயக் காட்டில் களை பறித்தவள். களையோடு பயிரும் சேர்ந்து வந்தால் அம்மா என்ன சொல்வாள் என்று தெரியும். இங்கே வேண்டாத வினைலை மெல்ல இழுத்தால் எழுத்தெல்லாம் காகிதத்திலேயே தங்கும், புள்ளி மட்டும் எழும்பி அதோடு போய்விடும். போனது எங்கே என்று தேடினால், கிடைத்தால் அத்தை முழங்கை.

ஏன் புள்ளி மட்டும்? இரண்டு காரணம் என்று கண்டுபிடித்தேன்.

ஒன்று கணக்கு. புள்ளியைக் காகிதத்தோடு பிடித்து வைத்திருப்பது அதன் பரப்பு. பிய்த்து இழுப்பது அதன் சுற்றளவு, அங்கேதானே பக்கத்து வினைலும் பசையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. விட்டத்தைப் பாதியாக்கினால் சுற்றளவு பாதியாகும், பரப்போ கால்வாசியாகிவிடும். எழுத்தைச் சின்னதாக்க ஆக்க, இழுக்கிற கை பலமாகிறது, பிடிக்கிற கை சோர்ந்துபோகிறது. என் அனுபவத்தில் புள்ளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் ஆட்டம் முடிந்தது. எட்டாம் வகுப்பில் வட்டம் நடத்தும்போது இந்த உதாரணம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது பிளேடு. இதன் முனை அச்சின் நடுவில் இருக்காது, ஒரு மயிரிழை தள்ளி இருக்கும். ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி. நாற்காலியை வேறு பக்கம் தள்ளினால் சக்கரம் முதலில் அரை வட்டம் அடித்துவிட்டுத்தானே பின்னால் வரும்? நேர்கோட்டில் இது தெரியாது. ஒன்றரை மில்லிமீட்டர் வட்டத்தில் பிளேடு திரும்பி முடிப்பதற்குள் வட்டமே முடிந்துவிடுகிறது. தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேராமல் ஒரு நூல் இடைவெளி. அந்த நூல்தான் புள்ளியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் சரியாகிறது. முடிவைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாக வெட்டச் சொல்லும் ஏற்பாடு மென்பொருளில் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டேன்.

ஓலையில் எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள், எழுத்தாணி குத்தி ஓலை கிழியும் என்பதால் என்று சொல்வார்கள். முன்பு அதைக் கேட்டபோது படிப்பவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். இப்போது எழுதினவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். 'உபபு' என்று இருந்தாலும் அத்தை உப்பு என்றுதான் படிக்கிறார். ஆனாலும் பழைய டீச்சருக்கு மனசு கேட்கவில்லை.

தமிழ் எழுத்தில் புள்ளி மட்டுமா தொல்லை? மெஷினோடு வந்த மென்பொருளில் 'கொத்தமல்லி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு பொட்டு வட்டம் என்று பிய்ந்து வந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு இங்க்ஸ்கேப்புக்கு மாறினேன். இலவச மென்பொருள். தமிழை அதில் ஒழுங்காக அடிக்கலாம். அடித்த பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் எழுத்து வெறும் கோடாக மாறிவிடும். அப்புறம் மெஷினுக்கு அது தமிழா, சீனமா என்ற கவலையே இல்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. சில எழுத்துருக்களில் சுழி ஒரு துண்டு, கால் ஒரு துண்டு என்று ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் தெரியாது. பிளேடு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி வெட்டி, 'ண' வை மூன்று கூறாக்கிக் கையில் கொடுக்கும். எல்லாவற்றையும் யூனியன் போட்டு ஒரே உருவமாக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

எழுத்துருவுக்கு நான் கடைசியில் வந்து நின்றது பலூ தம்பி. கூகுளில் இலவசமாகக் கிடைக்கிறது. கொழுகொழுவென்று, சாப்பாட்டு டப்பாவுக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். எழுத்து தடிமனாக இருந்தால் அத்தைக்கும் நல்லது, உரிக்கிறவளுக்கும் நல்லது. மெல்லிய, நாகரிகமான எழுத்துருக்களை ஆசைப்பட்டு வெட்டிப் பார்த்தேன். சுவரில் பெரிதாக ஒட்டினால் அழகு, டப்பாவுக்கு ஆகாது.

துணியில் இஸ்திரிப் பெட்டி வைத்து ஒட்டும் வினைலும் இருக்கிறது. அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி வெட்ட வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். பையனின் விளையாட்டு விழா டீ-ஷர்ட்டைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

புள்ளிக்கு வருகிறேன். மூன்று மாதம் குறடும் ஊசியுமாகப் போராடிவிட்டு, வீம்பை மூட்டைகட்டிவிட்டு ரேடியம் கடைக்கே போனேன். அண்ணன் என் ஷீட்டை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "புள்ளிய எதுக்குக்கா மெஷின்ல வெட்டுறீங்க?" என்று சொல்லிக்கொண்டே மேஜை டிராயரிலிருந்து ஒரு குறடை எடுத்தார். பெல்ட்டில் ஓட்டை போடுவார்களே, தலையில் சக்கரம் சுழலும், 2 மில்லிமீட்டரிலிருந்து நாலரை வரை ஆறு அளவு குழாய் இருக்கும், அது. மீந்துபோன வினைல் துண்டில் டக் டக் டக்கென்று அழுத்தினார். கறுப்பு எள் கொட்டின மாதிரி மேஜையில் புள்ளிகள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு நெருடு நெருடினார். அடிக்காகிதம் தனியாக விழுந்தது, புள்ளி நக நுனியில் நின்றது. அப்படியே 'ன' வின் தலையில் வைத்து அழுத்தினார். அந்த ஒரு விரல் நகத்தை மட்டும் அவர் வெட்டாமல் வளர்த்து வைத்திருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர் ஷீட்டின் பின்பக்கம் எழுத்தைத் திருப்பி வரைந்து, பாதி உடைத்த சவரப் பிளேடால் கையிலேயே வெட்டுவாராம். புள்ளிக்கு அப்போது பிடித்த குறடு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. தொழில் மட்டும் பாதியாகிவிட்டது என்றார். 2019 ஏப்ரல் 1-லிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்தான், எண்ணை அலுமினியத் தகட்டிலேயே அழுத்தி எடுத்து ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழில் எண் எழுதி ஒட்டுவதும் முடியாது, ஆங்கில எழுத்துதான் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. மிச்சம் இருப்பது சாமி பெயரும் பிள்ளைகள் பெயரும்தான். அவற்றில் எப்படியும் புள்ளி வரும்.

இன்னொரு வழியையும் அவரே காட்டினார். சின்ன எழுத்துக்கு அதுதான் சரிப்படுகிறது. நாம் எல்லோரும் முதலில் உரித்துவிட்டு, அப்புறம் எழுத்தின் மேல் டிரான்ஸ்பர் டேப்பை (எழுத்தைக் காகிதத்திலிருந்து எடுத்து ஒட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் டேப்) ஒட்டித் தூக்குவோம். அவர் தலைகீழாகச் செய்கிறார். வெட்டினதும் ஒன்றையும் உரிக்காமல் ஷீட் முழுக்க டேப்பை ஒட்டி நன்றாகத் தேய்க்கிறார். கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்துக் காகிதத்தை முழுசாக உரித்து எறிகிறார். இப்போது பசைப் பக்கம் மேலே, வினைல் முகம் டேப்பில். அந்த நிலையில் வேண்டாததை உரித்தால் புள்ளி டேப்பை விட்டு அசைவதில்லை. வழவழப்பான காகிதம் விட்டுக்கொடுத்த இடத்தில் டேப் விட்டுக்கொடுக்கவில்லை. எழுத்து எதிர்ப்பக்கமாகத் தெரிவதால் எதை உரிக்கிறோம் என்று முதலில் குழம்பும். பழகிவிட்டது. சீரகம் தவிர எல்லா டப்பாவையும் இப்படி இரண்டாம் முறை வெட்டிவிட்டேன். சீரகம் மட்டும் பழைய முறையில் வெட்டியது, அதனால்தான் அதன் புள்ளி அத்தை முழங்கை வரை போனது.

ஒட்டுவதற்கு முன்னால் டப்பாவை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் எல்லா டப்பாவிலும் இருக்கும். ஒட்டின டப்பாவைத் தேங்காய் நாரால் தேய்க்கக் கூடாது என்று நான் சொன்னேன். அத்தை தேய்க்கிறார். இதுவரை தாங்குகிறது.

இதற்கிடையில் மாமா தன் டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு 'முருகன் துணை' கேட்டார். பழனி பக்கத்தில் இருக்கிற ஊரில் வேறென்ன கேட்பார்கள்? ஒரே புள்ளிதானே, அரை மணி நேர வேலை என்று பலூ தம்பியில் வெட்டி ஒட்டிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, துணையில ணை தப்பா இருக்கே."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் வண்டி டேங்கில் வரைந்து காட்டினார். துதிக்கையைத் தூக்கி நிற்கும் யானை மாதிரி, ஐகாரம் தனியாக முன்னால் நிற்காமல் ண வின் தலையிலேயே சுருண்டு சேர்ந்த பழைய ணை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று இந்தத் துதிக்கை எழுத்துக்களை எடுத்துவிட்டது. மாமாவுக்கு அதற்குள் இருபத்தெட்டு வயது. அவர் கை அதற்கப்புறமும் மாறவில்லை. கடிதம், கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் துதிக்கைதான்.

என்னிடம் இருக்கும் எழுத்துருக்களில் அந்த ணை இல்லை. வரையலாம் என்று உட்கார்ந்தால் என் கைக்கு அது யானையாக வரவில்லை, நத்தையாக வந்தது. அத்தைதான் பீரோவிலிருந்து அவர்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். 1974. மஞ்சள் காகிதம், மடிப்பில் எல்லாம் நைந்திருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே அச்சுக் கோத்த எழுத்தில் 'முருகன் துணை'. நான் தேடின அதே இரண்டு வார்த்தை.

போனில் படம் எடுத்து, இங்க்ஸ்கேப்பில் போட்டு, அந்த ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். ஐம்பது வருஷத்து மை காகிதத்தில் ஊறி, ஓரமெல்லாம் முடி முளைத்த மாதிரி இருந்தது. தானாகக் கோடு பிடிக்கச் சொன்னால் அந்த முடியையும் சேர்த்து நானூறு முனைகளோடு கொடுத்தது. அதை வெட்டினால் பிளேடு நடுங்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே வைத்துக் கையாலேயே கோடு இழுத்தேன். சுருளின் உள்வட்டம், ண வின் மூன்று சுழி, கடைசிக் கால். பதினெட்டு முனையில் முடிந்தது. துதிக்கை நெற்றியைத் தொடும் இடத்தில் மட்டும் அச்சு எழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது. அந்த இடத்தை அரை மில்லிமீட்டர் தடிப்பாக்கினேன், இல்லையென்றால் வெயிலில் முதலில் கிளம்புவது அங்கேதான். எழுத்துக் கோத்தவர் மன்னிக்க வேண்டும்.

ஒட்டுவது வாசலில் நடந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் கொஞ்ச நேரம் நகர்த்திச் சரிபார்க்கலாம். பிறகு அட்டையால் நடுவிலிருந்து வெளியே தண்ணீரைத் தள்ள வேண்டும். காய்கிற வரை மாமா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டேப்பை உரித்ததும், மூன்று மில்லிமீட்டர் குழாயில் நான் தட்டி வைத்திருந்த புள்ளியைத் தானே வைப்பதாகச் சொன்னார். விரல் நடுங்கும். வைத்தார். 'ன' வுக்கு நேர் மேலே இல்லை, கொஞ்சம் வலதுபுறம் சாய்ந்துவிட்டது. நகர்த்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார்.

தெருவில் பால்காரர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டிக்குக் 'கருப்பசாமி துணை' வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதிலும் ஒரே புள்ளிதான். எந்த ணை என்று கேட்க வேண்டும்.